புது எஸ்எம்பிஎஸ் மாட்டியபின் சிபியு ஷாக் அடிக்கிறது, பழசையே திரும்ப மாட்டிவிடலாமா?

கரிசல்காட்டான் | ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டு முன்னறையில் சின்னதாக ஜெராக்ஸ் கடை. பட்டா, சிட்டா எடுத்துக் கொடுப்பது, பரீட்சைக்கு விண்ணப்பம் போடுவது, கல்யாணப் பத்திரிகைக்கு டைப் அடிப்பது என்று ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்து வண்டி ஓடுகிறது.

இரண்டு மாதமாகவே மெஷின் சண்டித்தனம். காலையில் பட்டனை அழுத்தினால் விசிறி அரைச் சுற்றுச் சுற்றி நின்றுவிடும். நாலைந்து தடவை அழுத்தினால்தான் உயிர் வரும். அப்புறம் ஆள் நிற்கும் நேரம் பார்த்துத் தானாக ரீஸ்டார்ட் ஆகும். ரேம் மெமரியைக் கழற்றி ரப்பர் போட்டுத் துடைத்தும் பயனில்லை. போன வாரம் அடியோடு படுத்துவிட்டது. சிபியுவுக்குள் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, அதாவது எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றினேன். பழசு: ஸ்டிக்கரில் 450 வாட்ஸ், கேள்விப்படாத பெயர், கையில் எடுத்தால் காலி டப்பா மாதிரி. புதுசும் 450 வாட்ஸ்தான், ஆனால் கரண்ட்டை வீணாக்காததற்குத் தரும் '80 பிளஸ் பிரான்ஸ்' (வெண்கலம்) சான்று வாங்கியது. மூவாயிரத்துச் சொச்சம் ஆனது.

இப்போது ஒரே அழுத்தில் ஓடுகிறது. ஆனால் கேபினெட்டில் கை பட்டால் சுருக்கென்கிறது. பெயின்ட் இல்லாத இடங்களில், பின்பக்கத் திருகாணியில், யுஎஸ்பி வாயில், நன்றாகவே தெரிகிறது. டெஸ்டர் வைத்தால் சிவப்பாக எரிகிறது. பழசிலும் மழைக்காலத்தில் லேசாக ஒரு கூச்சம் இருக்கும், இந்த அளவு கிடையாது. கேபினெட் இருப்பது இரும்பு மேசையில். நேற்று ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பாட்டி, செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து மேசை விளிம்பைப் பிடித்தவர், கையை உதறிக்கொண்டு, "ஏய்யா, மேசைக்கு அடியில தேளு கீளு கெடக்கா?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

புதுசு டிஃபெக்ட் பீஸா? திருப்பித் தர இன்னும் 4 நாள் இருக்கிறது. இல்லை, பழசில் கண்டன்சர் மாற்றி அதையே போட்டுவிடலாமா?

ரிப்பேர்மேசை | ஞாயிறு, இரவு 10.15

திருச்சியில் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மாதத்துக்கு இரண்டு பேராவது இதே கேள்வியோடு வருவார்கள். "நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டேன், ஷாக் அடிக்கிறது; மட்டமானதில் அடிக்கவில்லை" என்று. பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ் மேல் தப்பு இருக்காது. அவசரப்பட்டுத் திருப்பித் தராதீர்கள்.

முதலில் இதைச் சொல்லுங்கள். பவர் கார்டு போகிற வழி என்ன? நேராகச் சுவர் சாக்கெட்டா, யூபிஎஸ்ஸா, நடுவில் மூன்று பின்னை இரண்டு பின்னாக்கும் அடாப்டர் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா? மல்டிமீட்டர் இருந்தால் சாக்கெட்டில் மூன்று அளவு எடுங்கள்: ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும். ஏசி 750 வோல்ட் ரேஞ்சில் வைத்து, முனையில் விரல் படாமல்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்க வேண்டாம். 230 வோல்ட்டைத் திருத்தினால் உள்ளே பெரிய கண்டன்சரில் 325 வோல்ட் டிசி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில சமயம் தங்கியிருக்கும். விசிறி ஜாலி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும். கண்டன்சர் தலை உப்பியிருந்தால் தெரிந்துவிடும்.

மாடிவீட்டு மைனர் | ஞாயிறு, இரவு 10.52

இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடம்? சாக்கெட்டைக் கழற்றி நியூட்ரல் முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு ஒயர் போட்டு முறுக்குங்கள். 5 நிமிட வேலை. எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் இப்படித்தான் ஷாக் அடித்தது. 6 வருஷமாக ஒரு பிரச்சினை இல்லை.

ஓய்வுபெற்ற ஒயர்மேன் | திங்கள், காலை 5.50

தம்பி கரிசல்காட்டான், மேலே மைனர் சொன்னதை மட்டும் செய்துவிடாதே. ஏன் என்று சாயங்காலம் எழுதுகிறேன், இப்போது தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகணும். அதுவரை கடையில் ரப்பர் பாய் விரித்து வை. மேசையை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்.

கரிசல்காட்டான் | திங்கள், மதியம் 2.20

அளவு எடுத்தேன்.

ஃபேஸ் – நியூட்ரல்: 234
ஃபேஸ் – எர்த்: 128
நியூட்ரல் – எர்த்: 97

வழி: சுவர் சாக்கெட், அங்கிருந்து யூபிஎஸ், யூபிஎஸ்ஸிலிருந்து ஸ்பைக் பஸ்டர். அதில்தான் சிபியு, மானிட்டர், லேசர் பிரிண்டர் மூன்றும். ஜெராக்ஸ் மெஷின் சுவரில் பக்கத்து சாக்கெட்டில், அதே போர்டு. அடாப்டர் எதுவும் இல்லை, எல்லாமே மூன்று பின்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். பழசில் ஒயர்கள் வெளியே வரும் பக்கம் இரண்டு கண்டன்சர் மண்டை உப்பி, ஒன்றில் காப்பிக்கறை மாதிரி வழிந்திருக்கிறது. அது அடியோடு படுப்பதற்கு முன்பே மீட்டர் வைத்திருந்தேன்: ஊதா ஒயரில் 4.4, மெஷின் ஓடும்போது மஞ்சளில் 11.2. புதுசில் 5.08, 12.1.

ரிப்பேர்மேசை | திங்கள், மாலை 4.05

அப்படியானால் பழசு செத்தது உண்மை. ஊதா ஒயர் ஸ்டாண்ட்பை 5 வோல்ட். மெஷின் அணைந்திருக்கும்போதும் அது ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் அந்தப் பக்கத்துக் கண்டன்சர்தான் சூட்டில் முதலில் காய்ந்துபோகும். காலையில் நாலு தடவை அழுத்த வேண்டி வந்ததற்குக் காரணம் அநேகமாக அதுதான். 5 வோல்ட் 4.75க்குக் கீழேயும் 12 வோல்ட் 11.4க்குக் கீழேயும் போகக் கூடாது. உங்களுடையதில் இரண்டுமே போய்விட்டன. கண்டன்சர் மாற்றிப் பழசைப் போடுவது வீண் வேலை. ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்துக்கு நேரே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது?

கரிசல்காட்டான் | திங்கள், மாலை 4.30

14 ஆம்பியர்.

ரிப்பேர்மேசை | திங்கள், மாலை 4.41

12ஐ 14ஆல் பெருக்கினால் 168 வாட்ஸ். இன்றைக்குப் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. உங்கள் 450இன் லட்சணம் இதுதான். புதுசின் ஸ்டிக்கரில் அதே கட்டத்தைப் பாருங்கள், 30க்கு மேல் இருக்கும்.

படிக்கிற மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. எஸ்எம்பிஎஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பையும் பேப்பர் கிளிப்பால் இணைப்பார்கள். விசிறி சுற்றினால் உயிர் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், ஆரோக்கியம் தெரியாது. லோடு கொடுத்து மீட்டரில் பார்த்தால்தான் இவர் கண்டுபிடித்த 11.2 மாதிரி விஷயம் வெளியே வரும். இப்போது வருகிற எஸ்எம்பிஎஸ்களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கும், நிறத்தை நம்பாமல் மதர்போர்டு பிளக்கில் 16ஆவது பின்னை எண்ணிக்கொள்ளுங்கள், பச்சை ஒயரின் இடம் அதுதான். மாடுலர் வகை (கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டுவது) என்றால் பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளைப் புதுசில் சொருகாதீர்கள். பிளக் பொருந்தும், உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அப்படி மாட்டி, ஒரே சுவிட்சில் இரண்டு ஹார்டு டிஸ்க்கையும் கொன்றுவிட்டு என் மேசைக்கு வந்தவர் உண்டு. அவர் முகம் இன்னும் மறக்கவில்லை.

மின்னியல் டீச்சர் | திங்கள், இரவு 8.10

பாலிடெக்னிக்கில் மின்னியல் நடத்துகிறேன். அந்த 128, 97 இரண்டும்தான் முழுக் கதையையும் சொல்கின்றன. எர்த் சரியாக இருந்தால் ஃபேஸ் – எர்த் கிட்டத்தட்ட 234ஏ காட்ட வேண்டும், நியூட்ரல் – எர்த் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். உங்கள் சாக்கெட்டின் எர்த் ஓட்டை எதனோடும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிறது.

புதுசில் ஏன் கூடுதலாக அடிக்கிறது? நல்ல எஸ்எம்பிஎஸ்ஸில் கரண்ட் நுழையும் இடத்தில் இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்டர் இருக்கும். அதில் ஃபேஸிலிருந்து பாடிக்கு ஒரு சின்ன கண்டன்சர், நியூட்ரலிலிருந்து பாடிக்கு இன்னொன்று. ஒய் கண்டன்சர் என்பார்கள். எர்த் இருந்தால் இவை வழியாகக் கசிவது நேரே மண்ணுக்குப் போய்விடும், யாருக்கும் தெரியாது. எர்த் இல்லையென்றால் இரண்டு கண்டன்சரும் வோல்ட்டேஜைப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும், பாடி 115 வோல்ட் சுமாருக்கு ஏறி நிற்கும். டெஸ்டர் எரிவது அதனால்தான். உங்கள் பழைய டப்பாவில் காசு மிச்சம் பிடிக்க அந்த ஃபில்டரையே விட்டிருப்பார்கள். போர்டில் காயில் வர வேண்டிய இடத்தில் வெறும் கம்பித் துண்டு பற்றவைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு கசியும் என்று பார்ப்போம். 4.7 நானோஃபேரட் கண்டன்சர், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கணக்குப் போட்டால் 0.34 மில்லி ஆம்பியர். சுருக்கென்னும், ஆளைக் கொல்லாது. ஆனால் உங்கள் கடையில் சிபியு, மானிட்டர், பிரிண்டர், யூபிஎஸ், ஜெராக்ஸ் அத்தனையின் எர்த்தும் ஒரே போர்டில் போய்க் கூடுகின்றன. எல்லார் கசிவும் ஒன்றுசேர்ந்து, யார் எதைத் தொட்டாலும் அவர் வழியாக இறங்கும். இதைவிடப் பெரிய ஆபத்து இனிமேல்தான். நாளைக்கு ஜெராக்ஸ் மெஷினில் ஒரு ஒயரின் தோல் உரிந்து பாடியைத் தொட்டால், முழு 230 வோல்ட்டும் அந்த எர்த் ஒயர் வழியாகச் சிபியுவுக்கும் இரும்பு மேசைக்கும் வந்துசேரும். தடுக்க அங்கே ஒன்றுமே இல்லை. அந்தப் பாட்டிக்கு அன்று கிடைத்தது சின்ன எச்சரிக்கை.

இதற்கு முன் யுஎஸ்பி போர்ட், எச்டிஎம்ஐ ஏதாவது காரணம் தெரியாமல் செத்ததுண்டா?

கரிசல்காட்டான் | திங்கள், இரவு 8.35

மேடம், போன வருஷம் டிவியில் எச்டிஎம்ஐ சொருகும்போது பளிச்சென்று பொறி பறந்தது. டிவியின் அந்த வாய் அன்றோடு சரி. டிவி ரிமோட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

மின்னியல் டீச்சர் | திங்கள், இரவு 8.42

பாடியில் 115 வோல்ட், டிவிப் பக்கம் டிஷ் கேபிள் வழியாக மண்ணோடு தொடர்பு. இரண்டும் சந்தித்த இடம் அந்தப் பிளக். ரிமோட் பாவம்.

ஓய்வுபெற்ற ஒயர்மேன் | திங்கள், இரவு 9.20

இப்போது மைனருக்கு வருகிறேன். கோபிக்க வேண்டாம், தம்பி. 30 வருஷத்துக்கு மேல் கம்பத்திலும் வீட்டிலும் வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

நியூட்ரலை எர்த் முனையில் சேர்த்துவிட்டால் ஷாக் நின்றுவிடும், உண்மைதான். எதுவரை? நியூட்ரல் அறாமல் இருக்கும்வரை. மெயின் பாக்ஸில் நியூட்ரல் திருகு தளர்ந்தது, கம்பத்தில் இருந்து வரும் சர்வீஸ் ஒயரில் நியூட்ரல் அறுந்தது என்று வை. வீட்டில் ஒரு பல்பு சுவிட்ச் போட்டிருந்தால் போதும். ஃபேஸ் அந்தப் பல்பு வழியாக நியூட்ரலுக்கு வந்து, போக வழியில்லாமல், உன் ஜம்பர் (நீ போட்ட அந்தத் துண்டு ஒயர்) வழியாக ஃப்ரிட்ஜ் கதவில் வந்து நிற்கும். கசிவு இல்லை அது, நிஜக் கரண்ட். பல்பு எரியாது, ஃபேன் சுற்றாது. "கரண்ட் போச்சு" என்று நினைத்து ஃப்ரிட்ஜைத் திறக்கப் போவார்கள்.

இன்னொன்று. நம் சாக்கெட்டை நேரே பார்த்தால், பெரிய ஓட்டை மேலே இருக்கும்போது, வலது ஃபேஸ், இடது நியூட்ரல். பழைய வீடுகளில் பாதிக்குப் பாதி இது மாறிக் கிடக்கும். மாறிய போர்டில் ஒருவன் இடது முனைதான் நியூட்ரல் என்று நம்பி ஜம்பர் போட்டால், போட்ட அந்த நிமிஷமே பாடியில் ஃபேஸ்.

கரிசல்காட்டான், உங்கள் வீட்டு எர்த் குழி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது தண்ணீர் ஊற்றினீர்கள்?

மாடிவீட்டு மைனர் | திங்கள், இரவு 9.48

இப்படிப் பார்த்தால் ஊரில் பாதி வீடு எரிந்திருக்கணும் அண்ணே. எல்லாரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள்.

கரிசல்காட்டான் | செவ்வாய், காலை 7.30

ஐயா, எர்த் குழி என்று ஒன்று இருப்பதே அம்மாவைக் கேட்டுத்தான் தெரிந்தது. கொல்லைப்புறம் துவைகல்லுக்குப் பின்னால், செங்கல் கட்டி சிமென்ட் மூடி போட்டது. மேலே துளசித் தொட்டி இருந்தது. நகர்த்தி மூடியைத் திறந்தால் உள்ளே குழாய் தலை தெரிகிறது, ஆனால் குழாயைச் சுற்றி ஒரு விரல் நுழையும் அளவுக்கு மண் விலகி வெடித்திருக்கிறது. கம்பியைப் பிடித்து லேசாக ஆட்டினேன். கிளாம்ப்போடு கையில் வந்துவிட்டது. போல்ட் துருப்பிடித்துப் பொடியாகிப் போயிருக்கிறது.

ஓய்வுபெற்ற ஒயர்மேன் | செவ்வாய், காலை 7.55

கரிசல் மண்ணுக்கு அந்தக் குணம் உண்டு. ஈரமாக இருந்தால் அதைப் போல எர்த்துக்கு ஏற்ற மண் இல்லை. காய்ந்தால் வெடித்துக் குழாயை விட்டு விலகிவிடும், அப்புறம் குழாயைக் காற்றில் நட்டது மாதிரிதான். உனக்கு மழைக்காலத்தில் மட்டும் லேசாகக் கூசியது என்றாயே, அது ஈரத் தரையும் வெறுங்காலும் சேர்ந்த வேலை.

புதுக் குழாய் போடு. 40 மில்லிமீட்டர் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், இரண்டரை மீட்டர் நீளம், ஓட்டை போட்டது. நிமிர்த்தி இறக்கி, கரி ஒரு அடுக்கு உப்பு ஒரு அடுக்காகக் கெட்டிக்கணும். தலையில் புனல் வைத்து, குழி மூடி திறக்கிற மாதிரி கட்டு. பங்குனி, சித்திரையில் வாரம் ஒரு குடம் தண்ணீர். குழியிலிருந்து மெயின் போர்டு வரை எட்டாம் நம்பர் ஜிஐ கம்பி, நடுவில் ஒட்டு இல்லாமல்.

மின்னியல் டீச்சர் | செவ்வாய், காலை 9.10

ஐயா சொன்னது எர்த் அமைப்பதற்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3043இல் உள்ள முறைதான். ஒரே ஒரு திருத்தம் மட்டும்: உப்புக்குப் பதில் பென்டோனைட் களிமண் கலவை போட்டால் நல்லது. உப்பு மழையில் கரைந்து போகும், போகிற போக்கில் ஜிஐ பைப்பையும் தின்றுவிடும். இவர் கையில் பொடியாக வந்த போல்ட் அதற்குச் சாட்சி.

ஓய்வுபெற்ற ஒயர்மேன் | செவ்வாய், காலை 9.26

நான் போட்ட உப்புக் குழிகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன மேடம். ஆனால் துரு பிடிப்பது மெய்தான், மறுக்கவில்லை.

மின்னியல் டீச்சர் | செவ்வாய், காலை 9.40

இன்னொரு விஷயமும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழி எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அது மட்டும் போதாது. குழியின் ரெசிஸ்டன்ஸ் 5 ஓம் என்று வையுங்கள், நல்ல குழிதான். ஃபேஸ் பாடியைத் தொட்டால் 230ஐ 5ஆல் வகுத்து 46 ஆம்பியர் ஓடும். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) உடனடியாக விழ 80இலிருந்து 160 ஆம்பியர் வரை வேண்டும். 46க்கு அது சூடாகி, யோசித்து, தாமதமாகத்தான் விழும். அதுவரை பாடியில் கரண்ட் நிற்கும். அதனால் மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடுங்கள். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த அளவு வித்தியாசம் வந்ததும் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். கோடையில் குழி காய்ந்து 100 ஓமுக்கே போனாலும், 30 மில்லி ஆம்பியருக்குப் பாடியில் வருவது 3 வோல்ட்தான்.

ரிப்பேர்மேசை | செவ்வாய், காலை 11.00

நடுவில் ஒரு கேள்வி வரும் என்று தெரியும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். புது எஸ்எம்பிஎஸ் ஆக்டிவ் பிஎஃப்சி வகை, அதாவது கரண்ட்டைச் சீராக இழுக்கும் சுற்று உள்ளது. கரண்ட் போய் யூபிஎஸ்ஸுக்கு மாறும் நொடியில் மெஷின் அணைந்தால் அதுவும் எஸ்எம்பிஎஸ் கோளாறு இல்லை. சதுர அலை கொடுக்கும் மலிவான யூபிஎஸ்ஸோடு இந்த வகைக்குச் சில சமயம் ஒத்துப்போகாது.

கரிசல்காட்டான் | வியாழன், இரவு 10.05

ஒரு ஆளைக் கூட்டி வந்தேன். சாக்கெட்டைத் திறந்ததும் அவரும் மைனர் சொன்ன ஜம்பரைத்தான் போட எடுத்தார். "எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க சார்" என்றார். இந்த இழையை அப்படியே போனில் காட்டினேன். ஒயர்மேன் ஐயா எழுதிய ஃப்ரிட்ஜ் கதையை இரண்டு தடவை படித்தார். ஜம்பரை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "அப்ப குழி தோண்டிருவோம்" என்றார். நல்ல மனுஷன், தெரியாமல் இல்லை. குழி தோண்டக் காசு கேட்டால் எந்த வீட்டிலும் தருவதில்லையாம்.

மேலே நாலு அடி கடப்பாரைக்கே மசியவில்லை. கீழே போகப் போக ஈரம், களி மாதிரி. பென்டோனைட் மூட்டை கோவில்பட்டியில் கிடைத்தது, அதையே போட்டோம். ஐயா மன்னிக்கணும். மறுநாள் எர்த் ரெசிஸ்டன்ஸ் அளக்கும் எர்த் மெக்கர் கொண்டுவந்து கொல்லையில் இரண்டு கம்பி குத்தி அளந்தார்: 4.2 ஓம்.

முன்னறைப் போர்டில் பச்சை ஒயரே வரவில்லை. மரப்பட்டையில் கிளிப் அடித்து இழுத்த அந்தக் காலத்து வயரிங், லைட்டுக்கு இரண்டு ஒயர்தான். சாக்கெட்டைப் பிற்பாடு யாரோ அழகுக்கு மூன்று ஓட்டையாகப் போட்டிருக்கிறார்கள். மெயினிலிருந்து முன்னறைக்கு ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் புதிதாகப் பைப்பில் இழுத்தாயிற்று. அளவு: 233, 233, 1.1. கேபினெட்டில் டெஸ்டர் எரியவில்லை. வெறுங்காலோடு நின்று திருகாணியை இறுக்கிப் பிடித்தேன், ஒன்றும் இல்லை.

ஆனால் கதை முடியவில்லை. ஆர்சிசிபி மாட்டி மெயினைப் போட்டால் நிற்கிறது. ஏதாவது ஒரு ஃபேனைப் போட்டாலே டப்பென்று விழுகிறது. முன்னறை, பின்னறை, எந்த ஃபேன் என்றாலும். ஆர்சிசிபி டிஃபெக்டா?

ஓய்வுபெற்ற ஒயர்மேன் | வெள்ளி, காலை 5.40

இந்த ஊரில் எது விழுந்தாலும் டிஃபெக்ட் பீஸ்தான் உனக்கு! ஆர்சிசிபி சரியாக இருக்கிறது. உன் வீட்டில் எங்கோ ஒரு மைனர் ஏற்கெனவே வந்து போயிருக்கிறார். ஏதோ ஒரு போர்டில் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்திருக்கின்றன. ஃபேனிலிருந்து திரும்புகிற கரண்டில் ஒரு பங்கு நியூட்ரலில் வராமல் எர்த் வழியாகப் போகிறது. கணக்கு இடிக்கிறது, அது விழுகிறது.

மெயினை அணைத்துவிடு. மெயின் போர்டில் நியூட்ரல் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதற்கும் எர்த் கம்பிக்கும் இடையே மீட்டரில் கன்டின்யூட்டி (இணைப்பு இருக்கிறதா என்று) பார். எது பீப் அடிக்கிறதோ அந்தத் தடம். டெஸ்ட் லாம்ப் வைத்துச் சோதிப்பது என் காலத்துப் பழக்கம், நீ செய்யாதே. எர்த் அறுந்திருக்கும் லைனில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பு வைத்தால், பல்பு வழியாக ஃபேஸ் அந்த எர்த்தில் சேர்ந்த எல்லாப் பாடிக்கும் போய்விடும்.

கரிசல்காட்டான் | சனி, மாலை 6.15

பிடித்தாயிற்று. பின்கட்டு, வாஷிங் மெஷின் போர்டு. சாக்கெட்டின் பின்னால் நியூட்ரலிலிருந்து எர்த்துக்கு இரண்டு அங்குலக் கறுப்பு ஒயர், நுனியில் பழுப்பேறிப்போன இன்சுலேஷன் டேப். அதுவும் நியூட்ரல் திருகு தளர்ந்து, பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருந்தது. ஐயா எழுதியது நடக்க அந்தத் திருகு இன்னும் அரைச் சுற்று கழன்றால் போதும் போல இருந்தது.

அம்மாவிடம் காட்டினேன். "அது ஷாக் அடிக்குதுன்னு உங்க அப்பாதான் ஆள வச்சு சரி பண்ணாரு" என்றார். பத்து வருஷத்துக்கு முன்னால். ஆனால் அம்மா அதை நம்பவே இல்லை போல. அன்றிலிருந்து இன்றுவரை மணைப்பலகை மேல் ஏறி நின்றுதான் வாஷிங் மெஷினைத் தொடுவார். குனிய முடியாமல் பலகை போட்டிருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜம்பரை எடுத்துவிட்டு, அந்தப் போர்டின் பழைய எர்த் ஒயருக்குப் பதில் புதிதாக இழுத்தோம். ஆர்சிசிபி நேற்றிரவிலிருந்து விழவில்லை. டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது.

ரிப்பேர்மேசை | சனி, மாலை 6.40

மாதம் ஒரு தடவை அந்தப் பட்டனை அழுத்துங்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸை யாருக்கும் இனாமாகக் கொடுத்துவிடாதீர்கள், அவர் அதை மாட்டிவிடுவார்.

மாடிவீட்டு மைனர் | ஞாயிறு, காலை 10.20

மெயினை அணைத்துவிட்டு ஃப்ரிட்ஜ் போர்டைத் திறந்து பார்த்தேன். நியூட்ரல் முனையைச் சுற்றி எனக்கும் கறுத்திருக்கிறது. ஜம்பரை எடுத்துவிட்டேன். இப்போது ஃப்ரிட்ஜ் பழையபடி சுர்ரென்கிறது, வீட்டில் திட்டு விழுகிறது. அண்ணே, நான் எங்கே ஆரம்பிக்கணும்?

ஓய்வுபெற்ற ஒயர்மேன் | ஞாயிறு, காலை 10.31

முதலில் ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கி வை. மோர் கெட்டால் கெடட்டும். அப்புறம் சொல்லு, உங்கள் ஊரில் என்ன மண்?